வெட்டுப்பட்ட தசமங்கள்

பஹ்மி நானா காலையிலேயே தொடங்கிவிட்டார்.

"இது என்ன தங்கச்சி, நம்பரா, ரயில் பொட்டியா? ஃபோன்ல பாக்க ஏலாம ஈக்கி. வாலக் கொஞ்சம் வெட்டுங்களே!"

சுதர்சினி சிரித்தாள். அடைமழை தொடங்கி மூன்று நாள். உதவி கேட்கும் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்காகக் கண்டியில் சில பேர் சேர்ந்து ஒரு இணையப் பக்கம் நடத்தினார்கள். நிரல் எழுதுவது அவள். மீட்புக் குழுக்களை அனுப்புவது பஹ்மி. மழை அளவின் சராசரி 183.33333333 என்று திரையைத் தாண்டி ஓடியது உண்மைதான்.

அவளுக்கு அது ஒரு வேலையா? எழுத்துக் கூட்டத்தில் ஒரு வடிவத்தைத் தேடிப்பிடித்து மாற்றும் சூத்திரம்தான் ரெஜெக்ஸ். அதைக் கொண்டு, புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போக மிச்சத்தை வெட்டு என்று ஒரே வரி எழுதினாள். மழை அளவு 183.33 ஆனது. வேறெதையும் சோதித்துப் பார்க்காமல் பக்கம் முழுவதற்கும் போட்டுவிட்டாள்.

"மாஷா அல்லாஹ், இப்பதான் கண்ணுக்குக் குளுமை" என்றார் பஹ்மி.

பத்து மணிக்கு ஹுன்னஸ்கிரியவிலிருந்து சித்தப்பா கறுப்பையா அழைத்தார். அவர்கள் குடியிருந்த லயத்தின் வரிசை வீடுகள் மேல் மண் சரிந்துவிட்டது. சித்தி புஷ்பம் சுவருக்கடியில் இடுப்புவரை மாட்டிக்கொண்டிருக்கிறாள். பேசுகிறாள், தண்ணீர் கேட்கிறாள். அவருடைய ஃபோன் காட்டிய இருப்பிடத்தைச் சுதர்சினி இணையப் பக்கத்தில் ஏற்றினாள். அதில் தெரிந்த எண்களைப் பார்த்துக் குழு உடனே கிளம்பியது.

பதினொன்றரைக்கு மறுபடி அழைப்பு.

"சுதா, செவப்புச் சட்டக்காரவங்க எதுத்த மலையில நிக்கிறாங்கம்மா! கத்துறோம், மழையில கேக்கல. ஏன் அங்க போனாங்க?"

அவர் அனுப்பிய இருப்பிடத்தின் அட்சரேகை 7.298431. இணையப் பக்கத்தில் நின்றது 7.29. நான்கு இலக்கம் போனதில் லயம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. மழை எது, ஆள் இருக்கும் இடம் எது என்று சூத்திரத்துக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வரியை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குழு பள்ளம் இறங்கி, ஆறாகிவிட்ட ஓடையைச் சுற்றிக்கொண்டு ஏறி வர மூன்று மணி நேரம் ஆனது. அதற்கு அரை மணி முன்பே புஷ்பம் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், கண்டி மஹய்யாவயில் சுதர்சினியின் வீட்டில் உட்கார்ந்திருந்தார் கறுப்பையா. போக அவருக்கு வேறு வீடு இல்லை. அவருடைய மகள் கிருஷாந்தி இங்கே தங்கித்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

"எல்லாம் மழ பண்ணுன வேலம்மா. நீ என்ன செய்வ, பாவம்."

சுதர்சினி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"நாலு இலக்கமா?"

"நாலு, சித்தப்பா."

நான்கு விரல்களை மடக்கிப் பார்த்தார்.

"அவ கெடந்த எடத்துலேர்ந்து எதுத்த மல தெரியல. 'வந்துட்டாங்க புள்ள, அந்தா வந்துட்டாங்க'ன்னு சொல்லிச் சொல்லியே அவள முழிக்க வச்சிருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கிருஷாந்திகிட்ட நீயே சொல்லிரு. என்னால ஏலாது."

சுதர்சினி எழுந்து குசினிக்குப் போனாள். கிருஷாந்தி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒங்களுக்குச் சீனி போடவா?"

"அத வச்சிட்டு இப்பிடி உக்காரு" என்றாள் சுதர்சினி.