தொண்ணூற்றெட்டாம் வருடத்துப் பாண்டா

ஷாங்காய் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்ற கெங் ஷோலிக்கு, சீன அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பாண்டா தங்கக் காசென்றால் உயிர். விலங்கு ஒன்றுதான், ஆண்டுதோறும் கோலம் மட்டும் மாறும்; ஒரு வருடம் மூங்கில் கடிக்கும், இன்னொரு வருடம் குட்டியோடு புரளும். வருடத்துக்கு ஒன்றாக வாங்கி, அலமாரியில் மெத்தைப் போர்வைகளுக்கு அடியில் வருடத்துக்கு ஒரு குழி வெட்டிய மரப்பெட்டியில் வைத்திருந்தார். தொண்ணூற்றெட்டாம் வருடத்துக்கான குழி மட்டும் காலி. அந்த வருடம் மனைவி யுன்ஷியா வேலை பார்த்த நூல் ஆலையை மூடிவிட்டார்கள். அரிசிக்கே திண்டாட்டம்.

யின் என்ற தரகர் மொத்தத்தையும் விலைக்குக் கேட்டு இரண்டு முறை வந்தார். குரல் உயர்த்தாத மனிதர். அவரைத் தட்டிக்கழிக்க கெங் சொன்னார்: "ஒரு வருஷம் கொறையுதே தம்பி. முழுசா இருந்தாலாவது குடுக்கலாம்."

"முழுசா இருந்தா குடுப்பீங்க. அப்படித்தானே ஐயா?"

"அப்ப பாத்துக்கலாம்."

யின் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரலில், முன்னோரின் கல்லறையைத் துடைத்துக் கும்பிடும் நாளுக்காகக் கணவனும் மனைவியும் நிங்போ ஊருக்குப் போய்த் திரும்பினார்கள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. புதிதாக வாங்கிய நடப்பு வருடத்துக் காசை வைப்பதற்காகப் பெட்டியைத் திறந்த கெங் அப்படியே நின்றுவிட்டார். காலிக் குழியில் ஒரு பாண்டா உட்கார்ந்திருந்தது. கீழே 1998.

"எங்கிட்ட சொல்லாம வாங்கினீங்களா?" என்றாள் யுன்ஷியா.

"நான் வாங்கல."

அவள் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

காவல் நிலையத்தில் இருந்த இளம் போலீஸ்காரன் பேனாவைத் திறந்தான். "என்ன காணாமப் போச்சு பெரியவரே?"

"ஒண்ணும் போகல. ஒண்ணு கூடியிருக்கு."

"திருடன் வந்து தங்கம் வச்சுட்டுப் போனான்னு எழுதவா? என் வீட்டு விலாசத்தையும் அவன்கிட்ட குடுங்க."

பூட்டை மாற்றினார்கள். அன்று மாலையே போன் வந்தது.

"நிங்போல மழையாமே ஐயா," என்றார் யின். "இப்ப ஒண்ணும் கொறையில்லையே? புதுப் பூட்டு எதுக்கு, வீண் செலவு. நாளைக்கு வர்றேன்."

யுன்ஷியா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "குடுத்துத் தொலைச்சுடுங்க."

மறுநாள் யின் வந்தார். முன்பு தான் கேட்ட விலையில் ஒரு காசு குறைக்கவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கை கழுவிக்கொள்வதாகச் சொல்லி இருட்டிக் கிடந்த சமையலறைக்குப் போனார். அங்கே விளக்கு சுவிட்ச் குளிர்பெட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும். பெற்ற மகளே வந்தால் தடவித் தேடுவாள். முன்பு வந்தபோதெல்லாம் கூடத்தைத் தாண்டாத யின், திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை உள்ளே விட்டு விளக்கைப் போட்டார்.

குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. கூடத்தில் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போய்விட்டார்கள்.