கலப்பினத்தின் எண்

சச்சிதானந்தனுக்கு அன்று காலை எழுந்ததிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மெல்பன் புறநகரான கிளென் வேவர்லியில் ரயில் ஏறியவர், பெட்டி பாதி காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனார். மறுநாள் வியாழக்கிழமை. இருநூறு மாட்டுப் பண்ணைக்காரர்கள் முன்னால் அவர் பேசவேண்டும். நன்றாகப் பேசி முடித்தால் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை நிரந்தரம் என்று இயக்குநர் ஹார்டிங்கே சொல்லியிருந்தார்.

திருநெல்வேலியில் முட்டைகூட உள்ளே வராத சைவ வீட்டில் பிறந்த மனிதரை மெல்பனில் மாட்டிறைச்சி ஆராய்ச்சிக்குப் பிடித்துப் போட்டிருந்தார்கள். வயிற்றுப்பாடு யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யார் கண்டது? ஆனால் அவர் வந்தது கணக்குக்குத்தான். எந்த இனத்தை எந்த இனத்தோடு சேர்த்தால் கன்றுக்கு எந்தக் குணம் எத்தனை பங்கு வரும் என்ற இனக்கலப்புக் கணக்கில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இரண்டு வருடமாக நடந்த ஒப்பீடு இதுதான். ஒரு பக்கம், வெள்ளை முகத்துச் சீமை மாடான ஹெரிஃபோர்ட். மறுபக்கம், அதோடு திமில் வைத்த பிராமன் காளையைச் சேர்த்துப் பிறந்த கலப்பினம். வெயிலையும் உண்ணியையும் கலப்பினம் தாங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். இறைச்சி மிருதுவாக இருக்குமா என்பதுதான் கேள்வி. திமில் மாட்டுக் கறி தோல் மாதிரி என்று கசாப்புக்காரர்கள் விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிராமன் மாட்டின் முப்பாட்டன்மார் நம் ஊரிலிருந்து கப்பலேறியவர்கள். சச்சிதானந்தன் அதை யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டதில்லை. உள்ளுக்குள் மட்டும் அந்தத் திமிலைப் பார்க்கும்போதெல்லாம் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி ஒரு சந்தோஷம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

சோதனை எளிது. வேகவைத்த இறைச்சியில் விரல் கனத்துக்கு ஒரு துண்டைத் துளைத்தெடுத்து மெஷினில் வைத்தால், மழுங்கிய கத்தி ஒன்று இறங்கி வெட்டும். வெட்ட எத்தனை கிலோ விசை வேண்டியிருந்தது என்று முள் காட்டும். எண் குறைந்தால் கறி மிருது. ஹெரிஃபோர்ட் பாதியை உதவியாளர் யோகா செய்து முடித்துவிட்டு மூன்று வாரம் லீவில் போனாள். கலப்பினப் பாதிக்கு வேறு ஆள் தருகிறேன் என்றார் ஹார்டிங். சச்சிதானந்தனுக்கு அதை யார் கையிலும் விட மனமில்லை, தானே செய்தார். ஹெரிஃபோர்டுக்கு நாலே கால் கிலோ. கலப்பினத்துக்கு மூன்றே முக்கால்! அன்று அவர் ரயிலில் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டுப் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவி திரும்பிப் பார்த்தாள்.

பேச்சுக்கு முந்தைய நாளான இந்தப் புதன்கிழமைதான் யோகா வேலைக்குத் திரும்பியிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, நாற்பது வயது, மாட்டிறைச்சி சாப்பிடமாட்டாள், ஆனால் ஞாயிறுதோறும் ஆட்டிறைச்சி வெட்டிச் சமைக்கிற கை. குளிர்ப்பெட்டியில் மிச்சமிருந்த கலப்பினத் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணை, இதை ஆர் துளைச்சது?”

“நான்தான். ஏன்?”

“நார் போற போக்கிலயெல்லோ துளைக்கோணும். அப்பதான் கத்தி நாரைக் குறுக்க அறுக்கும். நீங்கள் குறுக்க துளைச்சிருக்கிறியள். கத்தி நாருக்கு இடையில சும்மா புகுந்து போயிருக்கும்.”

“எல்லாத் துண்டுமா?”

“நான் பாத்த அளவில எல்லாம்தான்.”

இறைச்சிக்கு நார் என்று ஒன்று உண்டென்பதும், அதற்கு ஒரு போக்கு உண்டென்பதும் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அடுப்படியில் ஒரு நாளாவது கறி வெட்டியிருந்தால் கண் தானாகத் தேடியிருக்கும். வாழைத்தண்டில் நார் எடுக்கத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை.

உறைபெட்டியில் அதே மாடுகளின் மாற்றுத் துண்டுகள் இருந்தன. மத்தியானத்துக்குள் இருவருமாக வேகவைத்து, யோகா துளைக்க, அவர் முள்ளைப் பார்த்து எழுதினார். சராசரி ஐந்தரைக் கிலோ.

“என்ர கையால இப்படி ஒரு ஆச்சரியமான நம்பர் வந்திருந்தா,” என்றாள் யோகா கையைத் துடைத்துக்கொண்டே, “நீங்கள் மூண்டு தரம் செக் பண்ணியிருப்பியள், அண்ணை.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தைத்தது.

சச்சிதானந்தன் போய்ச் சொன்னதைக் கேட்டுவிட்டு ஹார்டிங் பென்சிலை உருட்டினார். முந்தைய எண் ஏற்கெனவே பண்ணைக்காரர்களுக்கு அனுப்பும் செய்திமடலில் வெளிவந்துவிட்டது. பலர் அதை நம்பிக் காளை வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “உதவியாளர் கைத்தவறு என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றினால் போயிற்று. உங்கள் பெயர் கெட்டால் நிரந்தர ஆணையில் நான் கையெழுத்துப் போட முடியாது,” என்றார். சச்சிதானந்தன் மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றார். அந்த வார்த்தைக்காக மாலைவரை தன்னையே திட்டிக்கொண்டு, தாழ்வாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார்.

வீட்டில் மனைவி கிரிஜா தோசை வார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிள்ளைகளை இப்போதுதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். நிரந்தரம் இல்லையென்றால் ஜூன் மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“யோகா மேல போடச் சொல்றாரா? அவ லீவுல இல்ல இருந்தா?”

“அது பண்ணைக்காரங்க யாருக்கும் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியுமே,” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த தோசையை ஊற்றினாள். அவர் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினார்.

வியாழக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில் வெந்த முகங்கள். ஹார்டிங் மேடையேறி வரவேற்றுவிட்டு, அவரைக் கேட்காமலேயே சொல்லிவிட்டார்: “முன்பு வெளியிட்ட எண்ணில் ஓர் உதவியாளரின் கவனக்குறைவால் பிழை நேர்ந்துவிட்டது. டாக்டர் சச்சிதானந்தன் அதைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார்.” கைதட்டினார்கள். மூன்றாம் வரிசையில் யோகா மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தபடி குனிந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத்தான் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் இருந்த ஒரே உதவியாளர் அவள்தான்.

சச்சிதானந்தன் மைக்கின் முன்னால் வந்து நின்றார். தயாரித்து வைத்திருந்த முதல் வரி இனவிருத்தியைப் பற்றியது. அதை விட்டுவிட்டார்.

“உதவியாளர் அப்போது லீவில் இருந்தார். தப்பாக வெட்டியது நான். நான் பிறந்ததிலிருந்து இறைச்சி வெட்டியதில்லை.”

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. அவர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

“தப்பைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை, அவர்தான். எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்றால், கலப்பினம் ஜெயிக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அந்தத் திமில் மாடு எங்கள் ஊர் மாடு.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஹார்டிங் எழுந்து பக்கக் கதவு வழியாக வெளியே போனார். கதவு சாத்திய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. யோகா தலையை நிமிர்த்தியிருந்தாள்.

முன்வரிசையில் ஒரு பண்ணைக்காரர், காய்ப்பேறிய பெரிய கை, சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து முழங்காலில் வைத்தார்.

“அப்படியானால் சரியான எண் என்ன? மெதுவாகச் சொல்லுங்கள். அடுத்த வாரம் எனக்குக் காளை வாங்கணும்.”

“ஹெரிஃபோர்ட் நாலே கால்,” என்றார் சச்சிதானந்தன். “கலப்பினம் ஐந்தரை.”

பண்ணைக்காரர் இன்னும் எழுதி முடிக்கவில்லை போலிருந்தது. சச்சிதானந்தன் இன்னும் மெதுவாக, இரண்டாம் முறை சொன்னார்.