இடது பூட்ஸின் ஈரம்

யாட்விகாவின் இடது பூட்ஸ் மட்டும் ஒவ்வொரு காலையும் நனைந்திருந்தது. வலது பூட்ஸ் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிபோல வெதுவெதுப்பாக இருக்கும். இடதில் கால் விட்டால் விரல்கள் படும் இடத்தில் சில்லென்று ஈரம். வெளிப்பக்கம் தடவிப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். உள்ளே மட்டும் ஈரம்.

வீட்டில் இருந்தால் இது ஒரு சின்னத் தொல்லை. கோமி காட்டின் வடக்கே, ரயில் பாதையில் பனி அள்ளுகிற கைதிக்கு இது கால் விரல் போகிற விஷயம். விரல் போனாலும் அதோடு முடிவதில்லை. வேலைக்குப் போகாமலிருக்கத் தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொண்டாள் என்று வழக்குப் போடுவார்கள். அந்தக் குற்றத்துக்குப் பெயர் நாசவேலை. இருக்கிற தண்டனையோடு இன்னொரு தண்டனை சேரும்.

மாலையில் பாதையிலிருந்து திரும்பியதும் பெண்கள் பூட்ஸைக் கழற்றி உலர்த்தும் கொட்டகையில் கொடுத்துவிடுவார்கள். அடித்துத் திரட்டிய கம்பளியில் செய்த பூட்ஸ். தையல் கிடையாது, கட்டும் கயிறு கிடையாது. ஜோடியின் மேல் விளிம்பில் துளையிட்டு, கயிற்றால் இணைத்து, எண் எழுதிய மரவில்லையைக் கட்டி, அடுப்புக்கு மேலே நீளமாக இழுத்த கம்பிகளில் வாய் மேல்நோக்கி இருக்கும்படி தொங்கவிடுவாள் பரஸ்கா. கலீசியாக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், கொட்டகைக்குப் பொறுப்பு அவள்தான். ஒவ்வொருத்திக்கும் கம்பியில் ஓர் இடம் உண்டு. அந்த இடம் மாறாது. மாறினால் காலை இருட்டில் யாருடைய பூட்ஸ் எங்கே என்று தேடுவதற்குள் அணிவகுப்புக்கு மணி அடித்துவிடும். யாட்விகா கடைசியாக வந்தவள். அதனால் வெளிச்சுவரை ஒட்டிய கடைசி இடம் கிடைத்தது. அது முன்பு எமிலியாவின் இடம். எமிலியாவுக்கு இலையுதிர்காலத்தின் கடைசியில் மூன்று விரல் போனது. புதுத் தண்டனையோடு வேறு முகாமுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

முதலில் யாட்விகா பூட்ஸில் ஓட்டை இருக்கிறதென்று நினைத்தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாள்; எங்கும் ஊசிமுனை அளவு ஒளிகூடத் தெரியவில்லை. பிறகு வேறொன்று தோன்றியது. கம்பளி பூட்ஸில் இடது வலது என்று கிடையாது, எதை எந்தக் காலிலும் போடலாம். பழகிப்போனதால் அவள்தான் ஒன்றை இடது என்று வைத்திருந்தாள். அதன் விளிம்பில் சிவப்பு நூல் ஒன்றைக் கோத்தாள். மறுநாள் மாலை ஜோடியைத் திருப்பி, நூல் கட்டியது வலப்பக்கம் வரும்படி தொங்கவிடச் சொன்னாள்.

காலையில் நூல் கட்டிய பூட்ஸ் காய்ந்திருந்தது. மற்றது நனைந்திருந்தது.

அப்படியானால் குறை பூட்ஸில் இல்லை, அது தொங்குகிற பக்கத்தில்.

"பக்கமாவது பரலோகமாவது" என்றாள் பக்கத்துப் பலகையில் படுக்கும் ஹில்யா. எஸ்தோனியாக்காரி, வாய் அதிகம். "கிழவிக்கு உன்மேல ஏதோ காண்டு. ராத்திரி எல்லாரும் தூங்கினதும் ஒரு குவளை தண்ணிய ஊத்துறா."

"எனக்கும் அவங்களுக்கும் என்ன இருக்கு?"

"எமிலியாவுக்கும் அவளுக்கும் மட்டும் என்ன இருந்துச்சாம்?"

இதைக் கேட்ட யாரோ பரஸ்காவிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் பூட்ஸ் கொடுக்கும்போது அவள் கத்தினாள். "அடியே, நான் என்ன பாதிரியாரா, உன் பூட்ஸுக்கு ஞானஸ்நானம் பண்ண? முப்பது ஜோடிக்கு அடுப்பு எரிக்கவே எனக்குக் கை போதலை!"

"நான் அப்படிச் சொல்லலைக்கா."

"சொல்லலை. பாக்குற பார்வை சொல்லுதே."

அடுத்த வாரம் இடது காலில் இரண்டு விரல் வெளுத்து வீங்கின. மருத்துவ உதவியாளர் ஊசியால் குத்திப் பார்த்தார், வலித்தது. "வலிச்சா நல்லதுதான். இன்னொரு தடவை நனைஞ்சு உறைஞ்சா கறுத்துரும். அப்புறம் என் கையில இல்லை" என்றார். வழக்கப்படி மேலே தகவலும் சொன்னார்.

லெப்டினன்ட் ஷுபின் கூப்பிட்டனுப்பினான். முகாமில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கவனிப்பது அவன் வேலை. யாரையும் யாரோடும் முடிச்சுப் போட்டுவிடுவான் என்பதால் பெண்கள் அவனுக்குச் சம்பந்தி என்று பேர் வைத்திருந்தார்கள்.

"பூட்ஸ் தானா நனையாது" என்றான். "ஒண்ணு நீ நனைச்சிருக்கணும். இல்ல இன்னொருத்தி நனைச்சிருக்கணும். மூணாவதா ஏதாவது உண்டா?"

"தெரியலைங்க அய்யா."

"எனக்குத் தெரியும். பரஸ்காவோட தம்பி காட்டுல ஒளிஞ்சு எங்களுக்கு எதிரா துப்பாக்கி தூக்கினவன். அக்கா இங்க வேற ஆயுதம் வச்சிருக்கா, தண்ணிக் குவளை. ரெண்டு பொண்ணுங்க கால் போச்சு." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினான். "இதுல கையெழுத்துப் போட்டா நீ பாதிக்கப்பட்டவ. போடலைன்னா நீதான் குற்றவாளி. கடுங்குளிர் வருதாம், வேலை நிக்கும். திரும்ப ஆரம்பிக்கிற அன்னைக்கு வர்றேன்."

சொன்னபடியே குளிர் வந்தது. மைனஸ் நாற்பதுக்குக் கீழே போனால் பாதைக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள். ஆனாலும் வளாகத்துக்குள் விறகு சுமக்க ஆள் வேண்டும். பூட்ஸ் நனையும், கொட்டகை அடுப்பு பகலிலும் எரியும். யாட்விகா தானே கேட்டுக் கொட்டகைக்கு விறகு சுமக்கப் போனாள்.

பரஸ்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேவு பாக்க வந்தியா?"

"ஆமாக்கா. உங்களை இல்லை. என் பூட்ஸை."

விறகைப் போட்டுவிட்டு, பூட்ஸைக் கழற்றித் தன் இடத்தில் தொங்கவிட்டு, அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். புகையும் ஆவியும் படிந்து கூரைப் பலகைகள் கறுத்திருந்தன. இருட்டில் வந்து இருட்டில் போகிற யாரும் அங்கே பார்த்ததில்லை. அந்தக் கறுப்பில் வெள்ளையாக ஒரு கட்டி, சர்க்கரைக்கட்டி அளவில். அவள் ஒரு மரக்குற்றியில் ஏறித் தொட்டாள். உறைபனி. அதற்குள் இரும்பு இருந்தது.

"அக்கா, இந்த ஆணி எதுக்கு?"

"புகைபோக்கி காத்துல சாயாம இருக்கக் கம்பி கட்டின ஆணி. கோடையில ஒரு தச்சன் வந்து அடிச்சான். சின்ன ஆணி இல்லைன்னு தண்டவாளத்து ஆணிய எடுத்து இறக்கிட்டான்."

யாட்விகாவுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஆணியின் தலை வெளியே, காற்று பனியைத் துடைத்துக்கொண்டுபோகும் கூரை மூலையில். வெளிக்குளிர் இரும்பு வழியாகவே உள்ளே இறங்கி ஆணியின் முனைவரை வரும். கொட்டகைக்குள் முப்பது ஜோடி பூட்ஸின் ஈரமும் ஆவியாகிக் கூரைக்கு ஏறும். சூடான காற்று ஈரத்தைத் தாராளமாகச் சுமக்கும், ஆனால் குளிர்ந்த பொருளைத் தொட்டதும் சுமையை அங்கேயே இறக்கிவிடும். மற்ற பலகைகள் பனிப்போர்வைக்கு அடியில் இருப்பதால் அவ்வளவு குளிர்வதில்லை. கொட்டகையிலேயே மிகக் குளிர்ந்த இடம் இந்த ஆணிமுனைதான். அடுப்பு தணிந்திருக்கும் இரவெல்லாம் அதில் உறைபனி வளரும். விடிவதற்கு முன் பூட்ஸ் சூடாக இருக்கட்டுமென்று பரஸ்கா அடுப்பை ஓங்கவிடுவாள். அப்போது உருகும்.

"அக்கா, அடுப்பைக் கொஞ்சம் தூண்டி விடுங்க."

பரஸ்கா இரண்டு கட்டையைத் தள்ளினாள். சிறிது நேரத்தில் ஆணிமுனையில் ஒரு சொட்டுத் திரண்டு, தொங்கி, நேராக இடப்பக்கப் பூட்ஸின் வாய்க்குள் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

பரஸ்கா நெற்றியிலிருந்து மார்புவரை சிலுவை போட்டுக்கொண்டாள். "நான்தான் உருக்கி ஊத்தியிருக்கேன், பாவி. எமிலியாவுக்கும் நான்தான்."

"நீங்க இல்லைக்கா, ஆணி. இப்பவே போய்ச் சம்பந்திகிட்டச் சொல்றேன், வந்து அவனே கண்ணால பாக்கட்டும்."

பரஸ்கா அவள் கையைப் பிடித்தாள். "சொன்னா அவன் என்ன கேப்பான்?"

யாட்விகா யோசித்தாள். ஆணியை அடித்தது யார் என்று கேட்பான்.

"அந்தத் தச்சனும் கைதிதான்டி. போகும்போது எனக்கு ஒரு சவுக்காரத் துண்டு குடுத்துட்டுப் போனான். அவன் பேர் எனக்குத் தெரியும். கேட்டா, அடிச்சா, சொல்லிருவேன். ஒரு பேருக்குப் பதிலா இன்னொரு பேரு. வேணுமா?"

ஆணியைப் பிடுங்கவும் முடியாது, புகைபோக்கி சாய்ந்துவிடும். வேறு இடம் கேட்கவும் மனமில்லை. அடுத்த வண்டியில் வருகிறவளின் பூட்ஸ் இங்கேதான் தொங்கும். அன்று ஒரு கம்பளித் துண்டை ஆணியில் இறுகச் சுற்றினார்கள். குளிர் இரும்பைக் காற்று தொடாது என்பது யாட்விகாவின் கணக்கு. காலையில் கம்பளியே ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆவி கம்பளிக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதை அவள் மறந்துவிட்டாள். நனைந்த பூட்ஸுக்குள் கந்தல் திணித்துப் போட்டுக்கொண்டாள். விரல்கள் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தன, குத்தினால் வலித்தது.

"தடுக்க முடியாதுன்னா விட்டுருவோம்" என்றாள் அன்று மாலை. "விழுறது விழட்டும். எங்க விழணும்னு மட்டும் நாம பாத்துக்குவோம்."

குளிர் தணிந்து வேலை மறுபடி தொடங்கிய காலை ஷுபின் தாளோடு கொட்டகைக்கே வந்தான். யாட்விகா பூட்ஸைக் கையில் வாங்கியபடி நின்றிருந்தாள்.

"என்ன முடிவு?"

"கையெழுத்துக்கு வேலை இல்லைங்க அய்யா. பூட்ஸ் காஞ்சுதான் இருக்கு."

அவன் கையுறையைக் கழற்றி இடது பூட்ஸுக்குள் முழங்கைவரை விட்டான். பிறகு வலதில் விட்டான். முகம் சுளித்தான். "எப்படிக் காஞ்சுது?"

"அடுப்புலதாங்க" என்றாள் பரஸ்கா.

விரலைக் காட்டச் சொன்னான். வெளுப்பு போய்ச் சிவப்பு ஏறியிருந்தது. நனையாத பூட்ஸுக்கும் கறுக்காத விரலுக்கும் வழக்கு எழுத முடியாது. "திரும்ப நனைஞ்சா ரெண்டு பேரும் போவீங்க" என்று சொல்லித் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினான். அவன் ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆணியில் ஒரு காலி மீன் டப்பா தொங்கியது. விளிம்பில் இரண்டு துளையிட்டுக் கம்பி கோத்து, ஆணிமுனை டப்பாவின் வாய்க்குள் இறங்கி நிற்கும்படி கட்டியிருந்தார்கள். இரவில் முனையில் உறைபனி வளரும், விடியற்காலை உருகும், சொட்டு டப்பாவுக்குள் விழும். பூட்ஸை எல்லாம் கொடுத்து முடித்ததும் பரஸ்கா டப்பாவைக் கழற்றி வாளியில் கவிழ்த்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் மாட்டிவிட வேண்டும்.