நூலில் தொங்கிய தக்காளி

காலை ஏழு மணிக்கே வேளாண் அலுவலக ஜீப் செயல்விளக்கத் திடலில் வந்து நின்றது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்து இரண்டு கூடை தக்காளியை இறக்கினார். சந்தையில் வாங்கியவை. அடியில் கிடந்தவை நசுங்கி, புளித்த சாறு கூடை இடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு நூல்கண்டும் இருந்தது.

விரிவாக்க அலுவலருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பழத்தைச் செடியில் கட்டத்தான் நூல் என்று விளங்கியதும் அவள் கூடையிலிருந்து தள்ளி நின்றாள்.

அந்த வேலைக்கு அவள் வந்து பதினொரு வருடம் ஆகிறது. உழவர்களைத் தேடிப் போய் விதை, மண், பூச்சி என்று பேசுவதுதான் வேலை. அதில் அவள் மனதாரச் செய்தது இளைஞர் உழவர் குழு ஒன்றைத்தான். பள்ளிக்கூடம் முடித்த பதினான்கு பேர். பள்ளிக்குப் பின்னால் இருந்த இந்தக் கால் ஏக்கர்த் திடலை அவர்களே கொத்தி, அலுவலகம் கொடுத்த தக்காளி விதையை எண்ணிப் போட்டார்கள். நூறு விதைக்கு முப்பத்தொன்றுதான் முளைத்தது. முளைத்தவையும் நோஞ்சானாக நின்றன. குழுத் தலைவி கேள்வி கேட்டே ஆளைக் குடைவாள்; அதனால் அவளுக்குத் துருவி என்றே பெயர். அவள் எதையும் மறைக்காமல் நாள்வாரியாக நோட்டில் எழுதினாள். விதை பழசு என்று இவளும் அறிக்கை அனுப்பினாள். அலுவலக மேலாளர் அதைப் படித்தார், மேசை இழுப்பறையில் போட்டார், அத்தோடு சரி.

இப்போது இளைஞர் திட்டத்தைப் பார்வையிடத் துறை இயக்குநர் வருகிறார்.

“பத்து மணிக்கு வந்துடுவாரு. பசங்க வர்றதுக்குள்ள கட்டி முடிங்க. செடிக்கு நாலு, அஞ்சு. ரொம்பக் கட்டினா சாஞ்சுடும்,” என்றார் மேலாளர். குரலில் கூச்சம் துளியும் இல்லை. நாற்காலி எங்கே போடுவது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அவள் நூல்கண்டை எடுத்தாள். குனிந்தாள். காம்பில் நூலைச் சுற்றி, கிளையில் முடிச்சுப் போட்டாள். ஒரு பழம் கைக்குள்ளேயே உடைந்து விதையும் சாறும் மணிக்கட்டு வரை வழிந்தன. புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த பழத்தை எடுத்தாள். ஈக்கள் மொய்த்தன. நிமிர்ந்தபோது வேலி ஓரத்தில் துருவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“அக்கா, நீங்களுமா கட்டுறீங்க?”

அவள் கையிலிருந்த பழத்தைக் கூடையில் போட்டாள். மேலிடத்து உத்தரவு என்று ஏதோ சப்பைக்கட்டு கட்டினாள். துருவி அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இயக்குநர் வந்தார். பதினான்கு பேரும் அலுவலகம் கொடுத்த தொப்பியோடு வரிசையாக நின்றார்கள். துருவி நோட்டை நீட்டினாள். அவர் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் அட்டையில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு புகைப்படக்காரருக்காக ஒரு பழத்தைப் பிடித்து இழுத்தார். பழத்தோடு நூலும் வந்தது.

குட்டு உடைந்தது, இனித் தலை உருளப்போகிறது என்று அவள் நினைத்தாள். உருண்டால் நல்லது என்றும் உள்ளுக்குள் நினைத்தாள். இயக்குநர் நூலை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு மேலாளர் காதுப்பக்கம் சாய்ந்தார்.

“அடுத்த தடவை பச்சை நூலா வாங்குங்க.”

மேலாளர் சிரித்தார். ஓட்டுநர் சிரித்தார். தன் பற்களும் வெளியே தெரிவதை அவள் உணர்ந்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

புகைப்படம் செய்தித்தாளில் வந்தது. நான்காம் நாள் விதைக் கிடங்கு முன்னால் நாற்பது உழவர்கள் விதை வாங்க நின்றார்கள். குழுவுக்குக் கொடுத்த அதே விதை, பொட்டலத்தின் மேல் அதே எண். கொடுத்து முடிக்கச் சொல்லி மேலாளர் உத்தரவு. வரிசையில் ஆறாவது ஆளாக அவளுடைய சொந்த அண்ணன். தங்கச்சி நட்ட செடி என்று பக்கத்திலிருந்தவர்களிடம் படத்தைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த விதை வேண்டாம் என்று காதில் சொன்னாள். அண்ணன் முகம் மாறியது.

“சரி, நான் வாங்கல. எனக்குப் பின்னாடி நிக்கிறவன்கிட்ட என்ன சொல்லுவ?”

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடத்தான் அவள் நினைத்திருந்தாள். அண்ணன் பிழைத்தால் போதும் என்று. அந்த நினைப்பு எவ்வளவு கேவலம் என்று அவர் கேட்ட பிறகுதான் உறைத்தது. இயக்குநரைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிகம் அருவருப்பு வந்தது. கிடங்குக் கதவைச் சாத்திவிட்டு வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இந்த விதையில நூறுக்கு முப்பதுதான் முளைக்கும். அந்தப் படத்துல இருக்கிறது கடைத் தக்காளி. கட்டினது நான்தான்.”

ஒரு பெரியவர் காறித் துப்பிவிட்டு நடையைக் கட்டினார். அதற்குள் விதை வாங்கிவிட்டிருந்த ஒருத்தி கையிலிருந்த பொட்டலத்தை அவள் காலடியில் போட்டாள். தலை நிறைய நரைத்த ஒருவர், முந்தின நாளே வாங்கி நாற்றங்காலில் போட்டுவிட்டதாகச் சொல்லி அப்படியே நின்றார். அண்ணன் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

விசாரணை நடந்தது. விதை சத்தமில்லாமல் திரும்பப் போனது. அலுவலகத்தின் பேரைக் கெடுத்ததாக அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது; வெளிவேலையிலிருந்து எடுத்துப் பழைய கோப்பு அறையில் உட்காரவைத்தார்கள். மேலாளர் பதவி உயர்வில் போனார். போகிற அன்று அவளுக்கும் ஒரு இனிப்பு நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, அவர் பார்க்கவே, குப்பைக்கூடையில் போட்டாள்.

இளைஞர் குழு கலைக்கப்பட்டது. ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஐந்து பேர் மட்டும் துருவியின் சித்தப்பா கொடுத்த ஒரு துண்டு நிலத்தில், அலுவலகத்தின் வாசனையே படாமல், தாங்களே விதை சேகரித்துப் பயிர் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். ஒரு சனிக்கிழமை மாலை பஸ் பிடித்துப் போய் வரப்பில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னாள். துருவி களைக்கொத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள்.

“உள்ள வாங்க மேடம். வேலை நிறைய கிடக்கு. ஆனா எங்ககூட படத்துக்கு மட்டும் நிக்காதீங்க.”

அக்கா என்கிற வார்த்தை போய்விட்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசி வரிசையில் களை பறிக்க உட்கார்ந்தாள். இருட்டும்வரை அவளிடம் யாரும் பேசவில்லை.