நாற்பத்தொரு பேரும் நலம்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதத்தைப் படித்த எரிச்சலில் பிறந்தது. அக்கா இறந்து ஆறு மாதம் கழித்து, அக்கா பெயருக்கே வந்த கடிதம். மார்பகப் புற்றுநோய் யாருக்குத் திரும்பி வரும் என்பதை ரத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று ஐந்து வருடம் ஆராய்ந்தவர்கள் அனுப்பியது. 'நோய் திரும்புவதற்கு அடையாளமான புரதம் உங்கள் ரத்தத்தில் குறைவு. உங்கள் பிரிவில் இருந்த நாற்பத்தொரு பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. வாழ்த்துகள்.'

வாழ்த்துகளாம்!

2.

முதல் வரியோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

(எழுதி அடித்தது: ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போதெல்லாம் அக்கா சிவப்புச் சட்டைதான் போடுவாள், கறை பட்டாலும் தெரியாதாம், அதோடு)

சிரிப்பு வந்துவிடுகிறது. எனக்குக் கோபம் வேண்டும்.

(அடித்தது: அந்த ஆய்வாளர் ஒரு கல்நெஞ்சர், அவருக்கு நோயாளிகள் என்றாலே)

பொய். அவரை நான் பார்த்ததே இல்லை. வில்லன் ஒருவன் இருந்தால் எனக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

3.

ஆய்வு அலுவலகத்துக்கு போன் போட்டுக் கத்தினேன். எடுத்தவள் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். [அவளுக்கு வெடுவெடுப்பான குரல் கொடுக்கப் பார்த்தேன். ஒட்டவில்லை. பாவம், தணிந்துதான் பேசினாள்.]

"நோய் திரும்பி, எலும்புல பரவி, செத்தே போயிட்டாங்க எங்க அக்கா. ஒருத்தருக்கும் திரும்பலன்னு எந்த வாயால சொல்றீங்க?"

"மன்னிச்சிடுங்க மேடம். கடைசியா விசாரிச்சப்ப நல்லா இருக்காங்கன்னுதான் பதிவாகியிருக்கு."

"எந்த மடையன் சொன்னான் அப்படி?"

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"தங்கச்சின்னு போட்டிருக்கு மேடம்."

4.

இந்தப் பகுதியை எழுதாமல் தப்பிக்கத்தான் பார்த்தேன்.

வேறொரு ஆஸ்பத்திரி. ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். முதுகு வலி என்று வந்த அக்காவின் ரிப்போர்ட் என் பையில் இருந்தது. எலும்பில் பரவிவிட்டது என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அப்போதுதான் ஆய்வு அலுவலகத்திலிருந்து அந்த போன் வந்தது.

"அக்கா எப்படி இருக்காங்க? திரும்ப ஏதாவது தொந்தரவு?"

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்காங்க. ஒரு தொந்தரவும் இல்ல."

"யாருடி?"

"ரத்தம் எடுப்பாங்களே, அவங்க. விசாரிச்சாங்க."

"பரவாயில்லையே, நம்மளயும் ஞாபகம் வெச்சிருக்காங்க!" என்று சிரித்தாள்.*

* அன்று மாலையே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். 'மறந்துவிட்டேன்' என்று எழுதி, அடித்துவிட்டேன். மறக்கவில்லை. வாய் வரவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். வருடத்துக்கு ஒரு போன், ஒரு தங்கச்சியின் வாய்வார்த்தை! ஒரு ஸ்கேன் தாளாவது கேட்டார்களா? இதையா அறிவியல் என்று அச்சடித்தீர்கள்?

5.

முடிவு ஒன்று: அக்கா பிழைத்துக்கொள்கிறாள். கதைதானே, யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஆய்வுக்காரர்களின் அட்டவணையும் அதைத்தான் செய்தது.

முடிவு இரண்டு: அந்தப் பெண் திருத்தப் படிவம் அனுப்புகிறாள். அனுப்பியும்விட்டாள், என் மேசையில் கிடக்கிறது. நான் நிரப்பாவிட்டால் நாளைக்கு இன்னொருத்தியிடம், "உங்களுக்குப் புரதம் கம்மி, பயமே வேண்டாம்" என்பார்கள். அவளும் நம்பி, வலிக்கிற முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

நிரப்பிவிட்டேன். நாற்பது பேர் நலம், ஒருத்தி இல்லை. ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி: 'முன்பு தவறான தகவல் தரப்பட்டது ஏன்?'

அதை நீங்கள் நிரப்புங்கள். ரிப்போர்ட் உங்கள் பையில் இருக்கிறது. அக்கா உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எப்படி இருக்காங்க என்று போனில் கேட்கிறார்கள்.

சொல்லுங்கள்.