அளப்பதற்கு முன் உருட்டவும்

1

இந்தக் கதை நல்லெண்ணத்தில் பிறக்கவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்காவின் கணவரை நாலு பேர் சிரிக்கும்படி எழுதிவிட வேண்டும் என்பது எனக்கு முப்பது வருட ஆசை. அத்தான் ஓய்வுபெற்ற சர்வேயர். சாப்பாட்டு மேசை லேசாக ஆடினாலும் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுப்பார். "டேப் பொய் சொல்லாது மாப்ள" என்பார். அப்படிப்பட்டவர் தன் பழைய பிக்கப் வண்டியின் ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைக் குறைக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் பேனா தானாகத் துள்ளியது.

முதல் தொடக்கம்: அறுபத்தாறு வயதில் அவருக்கு இளமை திரும்பியபோது, அது முதலில் வண்டியின்—

வேண்டாம். மலிவு.

இரண்டாம் தொடக்கம்: உயரம் என்பது ஒரு மாயை. மனித குலம் தோன்றிய நாள்தொட்டு—

இது அதைவிட மோசம். விருது வாடை அடிக்கிறது.

2

பட்டறைக்காரரிடம் அத்தான் சொன்ன காரணம் இது: "ஸ்டைலுக்குத்தான். பழைய வண்டின்னா இப்பல்லாம் தரையோட படுத்துக் கிடக்கணுமாமே."

நம்பினேன். ஆறு பக்கம் எழுதி அக்காவுக்கு போனில் வாசித்தும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏண்டா, அந்த மனுஷனுக்கு ஸ்டைல்னா என்னன்னு தெரியுமா? பன்னெண்டு வருஷமா ஒரே பெல்ட்டு."

"அப்ப எதுக்கு வெட்டுறாராம்?"

"என்கிட்ட சொல்லல. நானும் கேக்கல." பிறகு, "அன்னிக்கு என்னால ஏற முடியலைல்ல" என்றாள்.

ஆறு பக்கமும் அந்த இடத்திலேயே உயிரை விட்டன.

[வாசகருக்கு: நாலு மாதம் முன்பு அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். தேறி முதன்முதலாக வெளியே கிளம்பிய அன்று, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை எம்பிப் பார்த்தாள். எதிர்வீட்டில் ரெண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே போனவள் அதன்பிறகு வாசலைத் தாண்டவில்லை. முக்காலி போட்டால் முடிந்ததே என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். "முக்காலி போட்டு ஏத்த நான் என்ன சிமெண்டு மூட்டையா?" என்றாள்.]

ஆக, கோமாளியாக உட்கார வைத்திருந்தவரை இப்போது எங்கே மாற்றி உட்கார வைப்பது? நல்ல கணவர்களை எழுதி எனக்குப் பழக்கமில்லை.

3

அக்கா குளிக்கப் போன நேரத்தில் அத்தான் கட்டிலை அளந்திருந்தார். அவள் யார் உதவியும் இல்லாமல் உட்கார்ந்து எழுகிற உயரம் அது. வண்டியின் இருக்கை அதைவிட மூன்று அங்குலம் அதிகம். அந்த மூன்று அங்குலத்தைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் வேலை முதல் நாளே முடிந்திருந்தது. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்குகளில் பக்கத்துக்கு ஒரு சுற்றை வெட்டி மாட்டி, ஜாக்கிலிருந்து வண்டியை இறக்கினார் பட்டறைக்காரர். அந்த நேரம் பார்த்து, நடுரோட்டில் லாரி நின்றுவிட்டதாக அவருக்கு அழைப்பு.

"சார், அளக்குறதுக்கு முன்னாடி வண்டிய முன்னயும் பின்னயும் உருட்டிருங்க. ஜாக்கில இருந்து இறங்குன வண்டி உடனே உக்காராது. வீம்பு புடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னால் ஒரு வேன் குடலை வெளியே போட்டுக்கொண்டு கிடந்ததால் உருட்ட இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் அத்தான் உருட்டியிருக்கமாட்டார். அவரிடம்தான் டேப் இருக்கிறதே. அளந்தார். அரை அங்குலம்தான் இறங்கியிருந்தது. பட்டறையில் இருந்த வெல்டரைக் கூப்பிட்டு, "இன்னொரு சுத்து வெட்டுப்பா" என்றார்.

"அண்ணன் உருட்டச் சொன்னாரே சார்?"

"நாப்பது வருஷமா ஊரையே அளந்தவன்கிட்ட சொல்றியா?"

வெட்டி மாட்டி மறுபடி அளந்தார்கள். முக்கால். இன்னொரு சுற்றும் போயிற்று.*

பட்டறைக்காரர் திரும்பிவந்து, வேனைத் தள்ளிவிட்டு, வண்டியை நாலடி உருட்டினார். அது நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. உட்கார்ந்துகொண்டே போனது. கடைசியில் பம்பருக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம். பட்டறை வாசல் சரிவில் மூக்கு இடித்தது. வண்டி வெளியே போகாது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? வெட்டுனத ஒட்ட முடியாதே. இந்த மாடலுக்கு வேற ஸ்பிரிங் எங்க போய்த் தேடுவேன்?"

அத்தான் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

(* நான் வெட்டிய வரிகளை எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். ஸ்பிரிங் வெட்டுகிறவர்களைவிட எழுத்தாளர்கள் அதிகம் பீற்றிக்கொள்வதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.)

4

பட்டறையிலிருந்து போன் வந்தபோது நான் அக்கா வீட்டில் இருந்தேன். "என்னடா பண்ணி வச்சிருக்காரு? வா, பாத்துட்டு வரலாம்" என்று கைத்தடியை எடுத்தாள் அக்கா.

ரெண்டு தெரு. இருபது நிமிஷம். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை.

இங்கே எனக்குக் குழப்பம். அவளை வெளியே கொண்டுவரத்தான் வண்டியை இறக்கினார். அது ஒன்றுக்கும் உதவாமல் போனதால்தான் அவள் வெளியே வந்தாள். வேறு எவனாவது இப்படி எழுதியிருந்தால் 'ரொம்ப வசதியாகப் பின்னியிருக்கிறார்' என்று கிழித்திருப்பேன். அப்படியானால் இது யார் ஜெயித்த கதை? தெரியவில்லை.

அக்கா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ஏங்க, இது ஏன் இப்படி முட்டி போட்டிருக்கு?"

"ஸ்டைலு" என்றார் அத்தான், தரையைப் பார்த்துக்கொண்டே.

அவள் கதவைத் திறந்தாள். இருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கட்டிலைவிடவும் தாழ்வாகத்தான் இருந்தது.

"நான் உக்காந்தா இன்னும் எறங்குமா?"

பட்டறைக்காரர் வெல்டரைப் பார்த்தார். வெல்டர் கூரையைப் பார்த்தார். அத்தான் டேப்பை ஒரு சாண் இழுத்தார். விட்டார். அது சரேலென்று உள்ளே ஓடியது.

"தெரியலம்மா" என்றார்.

முப்பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைத்தடியை என்னிடம் நீட்டினாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் ஏறி உட்காருகிறாள், டயர் மேலே உரசி நறநறக்கிறது, எங்கேயும் போகாத வண்டியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்— இதில் அத்தான் ரொம்ப நல்லவராகிவிடுகிறார். என்னால் தாங்க முடியாது. இன்னொன்றில், "நடந்தே போயிரலாங்க" என்று அவர் கையைப் பிடித்து— இதிலும் அப்படித்தான். இரண்டையும் வெட்டிவிட்டேன்.

கைத்தடி இன்னும் என் கையில் இருக்கிறது. இதை வண்டிக்குள் வைப்பதா, அக்கா கையிலேயே திருப்பிக் கொடுப்பதா? நீங்கள் சொல்லுங்கள். உடனே சொல்ல வேண்டாம். முன்னும் பின்னும் ஒருதடவை உருட்டிப் பார்த்துவிட்டு.