பதினேழாம் இலக்கத் திரள்

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் காலை பஸ்ஸில் நின்றபடியே நிரஞ்சனி பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்தாள். ஆதிப் பிரபஞ்சத்தில் நட்சத்திரங்கள் பிறந்த வேகத்தை அளந்து சாதனை படைத்தாராம் பேராசிரியர் தியாகராஜா. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த அளவீடு பிழை. மூன்று வாரத்துக்கு முன்பே அதை அவரிடம் சொல்லியிருந்தாள்.

இரண்டு வருடமாக அவள் அவருடைய ஆய்வு உதவியாளர். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் மிகத் தூரத்து விண்மீன் திரள்களைத் தேடி, ஒவ்வொன்றிலும் நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாகப் பிறந்தன என்று கணிப்பதுதான் வேலை. நாற்பது திரள்களில் பதினேழாவது மட்டும் மற்றவற்றைவிடப் பத்து மடங்கு வேகம் காட்டியது. தியாகராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளுக்கோ நம்பிக்கை வரவில்லை. வேறு படங்களையும் சேர்த்துப் பார்த்தாள். அது தூரத்தில் இல்லவே இல்லை. கிட்டத்தில், தூசி மண்டிக் கிடந்த சாதாரணத் திரள். தூசியால் ஒளி தூரத்துத் திரளின் ஒளிபோலச் சிவந்து, பார்ப்பவர்களை ஏமாற்றியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் இறங்கியதும் நேரே அவர் அறைக்குப் போனாள்.

"பதினேழ எடுத்துருவோம்னு சொன்னேனே சேர்."

"கட்டுரைய சஞ்சிகைக்கு அனுப்பியாச்சு. பிழைன்னா அவங்க சொல்லட்டும்."

"பிழைன்னு நமக்கே தெரியுமே."

அவர் கதிரையில் சாய்ந்தார். "தேயிலைத் தோட்டத்து லயத்துல இருந்து வந்த பிள்ளை நீங்க. ஒங்க பேரயும் போட்டிருக்கேன். வேற யாரு போடுவா?"

"லயத்துல பொறந்ததுக்காகப் பொய்க்கும் நன்றி சொல்லணுமா? என் பேர எடுத்துருங்க."

"வெளிநாட்டுக்குப் படிக்கப் போக என் சிபாரிசுக் கடிதம் வேணும். யோசிச்சுப் பேசுங்க."

அவள் வெளியே நடந்தாள். கணினி அறையில் உட்கார்ந்து, கட்டுரை போயிருந்த சஞ்சிகைக்குத் தன் கணிப்பையும் வரைபடங்களையும் இணைத்து, பெயரை விலக்கிக்கொள்வதாக எழுதினாள். பக்கத்து மேசையிலிருந்த இன்னோர் உதவியாளன் பவாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "வேல போயிடும்" என்றான்.

"போகட்டும்."

போய்விட்டது. நாலு மாதம் கழித்து, பதினேழாவது நீக்கப்பட்டுக் கட்டுரை வெளிவந்தது. பிழையைக் கண்டவள் யாரென்று அதில் ஒரு வரி இல்லை. பத்திரிகையும் மறுப்புப் போடவில்லை. சஞ்சிகை ஆசிரியர் மட்டும் அவளுக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார். கடிதம் கேட்ட இடங்களுக்கு அதையே அனுப்பினாள். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நேர்முகத்துக்கு நாள் குறித்தது. அதுவரை புசல்லாவையில் பௌதிக வகுப்பு நடத்தினாள்.

ஒருநாள் கண்டி பஸ் நிலையத்தில் தியாகராஜா எதிரே வந்தார். ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்தார். "சுகமா இருக்கீங்களா?"

நிரஞ்சனி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அன்றைய ஆத்திரம் துளிகூட அடங்கியிருக்கவில்லை. அடங்க வேண்டுமென்றும் அவள் நினைக்கவில்லை.

"இன்னும் நீங்க பிழைன்னு ஒத்துக்கலயே சேர்" என்றாள், சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி.